கோழிகளுக்கு வருத்தமாம்

சனிக்கிழமை பதினொரு மணியானால் பாரிஸ் லா சப்பலில் ஞானசுந்தரத்தின் பலசரக்குக் கடை வாசலில் யூலியனின் வெள்ளை வான் வந்து நிற்கும். அதற்கு முன்பே நாலைந்து பேர் கடைக்குள் நின்று, வேறெதையோ வாங்க வந்தவர்களைப் போலக் கறிவேப்பிலையைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். வானைக் கண்டதும் யாராவது ஒருவர், "அஜந்தாவின்ரை முட்டை வந்திட்டுது" என்பார். கல்லாவில் நிற்கும் அற்புதராணிக்கு அந்த ஒரு சொல் போதும். வாரம் முழுவதும் அடங்கிக் கிடந்தது நெஞ்சுக்குள் மறுபடி புகையத் தொடங்கிவிடும்.

அஜந்தா அவளுடைய கூடப்பிறந்த தங்கை. ராணி தொண்ணூற்று நாலில் பாரிஸுக்கு வந்தவள். ஏழு வருடம் கழித்துத் தங்கையைக் கூப்பிட்டு, தன் ஒற்றை அறை வீட்டின் குசினியில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பி, கடைசியில் யூலியனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அதிலெல்லாம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை அந்தக் காணியில்.

கடைக்கு வரமுதல், காலையில் ஒரு பிரெஞ்சுக்காரியின் வீட்டைத் துப்புரவாக்க ராணி போய்வருவாள். 2009 பங்குனியில் அந்த மதாம் ஒரு கதை சொன்னாள். கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தூரத்திலுள்ள சிற்றூர் ஒன்றில் அவளுடைய தமையன் விட்டுப்போன வீடும் காணியும் சும்மா கிடக்கின்றன; ராணிக்கென்றால் குறைத்துக் கொடுப்பாள். அடுத்த ஞாயிறே ராணியும் கணவன் யோனும், அஜந்தாவும் யூலியனுமாக நாலு பேரும் பார்க்கப் போனார்கள். பழைய கல்வீடு. பின்னால் தகரம் போட்ட இரண்டு கொட்டில்கள். கிணறு. இருபது பரப்புக் காணி, ஒன்றேகால் ஏக்கர் வரும்; வேலியோரமாக ஆப்பிள் மரங்கள். ராணி கிணற்றுக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற யோனிடம், "என்ன சொல்லுறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

"விசரே? இந்தக் காட்டுக்குள்ளை ஆர் வந்து கிடக்கிறது?" என்றான் யோன். அவன் உணவகமொன்றில் சமையல்காரன். மெட்ரோ ஓடாத இடம் அவனுக்கு இடமே இல்லை.

ராணி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. யூலியன் அஜந்தாவின் முகத்தைப் பார்த்தான். அஜந்தா அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் காணி அவர்களுடையதாகிவிட்டது.

அதற்குப் பிறகு ராணியின் காதில் விழுந்ததெல்லாம் அந்தக் காணியின் கதைதான். அஜந்தா ஆடு வாங்கினாள். அஜந்தா நூற்றைம்பது கோழி வளர்க்கிறாள். அஜந்தாவின் கண்ணாடிக் கூடாரத்தில் பாவற்காய் காய்க்கிறது. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் ராணியின் மகள் லக்சிகா பையைத் தூக்கிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்கு ஓடிவிடுவாள். திரும்பி வந்து, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரிகிற அந்த அறையில் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பாள். தாய் தமிழில் ஏதும் கேட்டால் பிரெஞ்சில் ஒற்றைச் சொல் பதில் வரும். ராணி பொறுத்துக்கொண்டாள். தங்கை நன்றாக இருந்தால் தனக்குத்தானே பெருமை என்று வாய்க்குச் சொல்லிக்கொடுத்தாள். வாய் கேட்டது. வயிறு கேட்கவில்லை.

2012 மார்கழி தொடக்கத்திலேயே பனி கொட்டிவிட்டது. கொட்டில் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிய யூலியன் சறுக்கி விழுந்து வலது காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டான். அஜந்தாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"அக்கா, எனக்குக் கேக்க வேறை ஆர் இருக்கினம்? ஆடு, கோழியை விட்டிட்டு வரவும் ஏலாது. கொஞ்ச நாளைக்கு வந்து நிப்பியே?" போனில் அவள் குரல் உடைந்தது.

ராணி ஞானசுந்தரத்திடம் விடுப்பு எடுத்தாள். மதாமிடமும் சொல்லிக்கொண்டாள். தங்கை பாவம் என்று பதைத்தபடிதான் ரயில் ஏறினாள். ஆனால் அந்தப் பதைப்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கிட்ட நின்று பார்த்துவிடவேண்டும்.

அங்கே இருந்தது குளிர். பாரிஸின் குளிர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். இது சுவரைத் தாண்டி உள்ளே வந்து, ஆளோடு ஆளாக மேசையில் குந்தியிருந்தது. வீட்டில் சூடான இடம் ஒன்றுதான். விறகு போடும் இரும்பு அடுப்பு நிற்கிற குசினி. ராணி வந்த மூன்றாம் நாளே தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது; கிணற்று மூடியும் பனிக்கட்டியில் இறுகிப்போயிற்று. விடிய எழுந்து அடுப்பைத் தூண்டி, பனியை வாளியில் அள்ளி உருக்கி, அந்தச் சுடுதண்ணீரைக் கொண்டுபோய் ஆடுகளின் தொட்டியில் ஊற்றவேண்டும். அரை மணியில் அது திரும்ப ஏடு கட்டும். கோழிகளின் கொண்டை குளிரில் கறுத்துப்போகாமல் இருக்க ஒவ்வொன்றாகப் பிடித்து வாஸ்லீன் பூசவேண்டும். விறகு கொத்தவேண்டும். முட்டைகள் உறைந்து வெடிக்கமுதல் ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பொறுக்கவேண்டும். ராணியின் விரல்கள் வெடித்து, உப்பைத் தொட்டால் உயிர் போனது.

ஆனாலும் அந்த வேலை அவளுக்குக் கைவந்தது. ஒரு வாரத்தில் ஆறு ஆடுகளும் அவள் காலடிச் சத்தத்துக்குக் கத்தத் தொடங்கின. கோடரியை எங்கே போட்டால் கட்டை பிளக்கும் என்று கை தானாகவே அறிந்தது. கொட்டிலிலிருந்து வெளியே வந்து, வெள்ளைவெளேரென்று கிடக்கும் இருபது பரப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். 'இது எனக்கு வந்தது. நான் விட்டது' என்று நெஞ்சு சொல்லும். உடனே உள்ளே போகமாட்டாள். கன்னம் விறைக்கும்வரை நிற்பாள்.

உள்ளே போனால் வேறொன்று காத்திருக்கும். மாக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு யூலியன் வெங்காயம் உரிப்பான். அஜந்தா பக்கத்தில் இருந்து, வீங்கிய பாதங்களை அடுப்புப் பக்கம் காட்டிக்கொண்டு மாக் குழைப்பாள். குழாய் எப்போது இளகும், தீன் எத்தனை நாளைக்குக் காணும், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு பேரும் தணிந்த குரலில் கதைப்பார்கள். நடுவில் ஏதோ ஒன்றுக்குச் சிரிப்பார்கள். ராணி வந்ததும் நிறுத்தமாட்டார்கள். அவளையும் சேர்த்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. யோனும் அவளும் கடைசியாக ஒரு மேசையில் இருந்து கதைத்தது எப்போது? அவன் வீடு வரும்போது அவள் தூக்கம். அவள் வேலைக்குப் போகும்போது அவன் தூக்கம். பொறாமையோடு வந்தவள், தங்கைக்கு இவ்வளவு கஷ்டமா என்று உள்ளுக்குள் ஆறுதல்பட்டிருக்கவேண்டும். அவளோ அந்தக் கஷ்டத்தின்மேலேயே பொறாமைப்பட்டாள்.

யூலியனால் வான் ஓட்ட முடியாததால் சனிக்கிழமைகளில் முட்டையைக் கொண்டுபோகும் வேலையும் ராணியுடையதாயிற்று. அயல்வீட்டுக்காரர் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். சில்லு வைத்த இரண்டு பெரிய பைகளில் முட்டைத் தட்டுகளை அடுக்கி, துணி திணித்து, ரயிலில் கார் து நோர் வந்து, அங்கிருந்து லா சப்பலுக்கு இழுத்துக்கொண்டு நடப்பாள். கடையில் எல்லோரும், "அஜந்தா எப்பிடி? அஜந்தா பாவம்" என்பார்கள். வெடித்த விரலை ஒருவரும் பார்க்கவில்லை.

தை நடுப்பகுதியில் பெரிய பனி வந்தது. இரண்டு நாள் இடைவிடாமல் கொட்டி, காற்றும் சுழன்றடித்தது. மூன்றாம் நாள் விடியக் கோழிக் கொட்டிலைத் திறந்த ராணி அப்படியே நின்றாள். வடக்கு மூலையில் பதினொரு கோழிகள் ஒன்றையொன்று அணைத்தபடி விறைத்துக் கிடந்தன. அஜந்தா ஓடிவந்து பார்த்து, ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பனிக்குள்ளேயே குந்திவிட்டாள். யூலியன் ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து, "அஜந்தா, எழும்பு. பிள்ளைக்குக் கூடாது. கோழி பிறகும் வாங்கலாம்" என்று கெஞ்சினான்.

அன்று மத்தியானம் தில்லைநாயகி ராணிக்குப் போன் எடுத்தாள். கடையில் ராணியோடு மரக்கறி தரம் பிரிக்கிற பெண்; வாய்க்குக் கதவு இல்லாதவள். அது ராணிக்கு நன்றாகத் தெரியும்.

"எப்பிடி அங்கத்தைப் பாடு?" என்று கேட்டாள் தில்லைநாயகி.

குளிர், பனி என்று சொல்லி முடித்திருக்கலாம். ராணியும் அப்படித்தான் தொடங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோழியள் சாகுது, தில்லை. ஒரே நாளிலை பதினொண்டு. என்ன வருத்தமோ, என்ன நோயோ, ஆருக்குத் தெரியும்? இவையள் ஒருத்தருக்கும் சொல்லினமில்லை" என்றாள்.

அந்தக் கடைசிச் சொற்கள் வாயிலிருந்து விழும்போது, ஆறிய கஞ்சியைக் குடித்ததுபோல வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. தான் பொய் சொல்லவில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆருக்குத் தெரியும் என்றுதானே சொன்னாள்?

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அடுத்த சனிக்கிழமை கடையில் கறிவேப்பிலை கிளற ஆளில்லை. ஞானசுந்தரம் தட்டுகளை இறக்கவே விடவில்லை. "பிள்ளை, குறை நினையாதையும். உங்கத்தைக் கோழியளுக்கு வருத்தமாம் எண்டு சனம் கதைக்குது. ஓல்னேயிலை இருந்துகூட ஆக்கள் போன் அடிச்சுக் கேக்கினம்."

ராணி இரண்டு பைகளையும் அப்படியே திரும்ப இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஆனால் வீட்டுக்குப் போய், "பனி. சனம் வரேல்லை" என்றுதான் சொன்னாள். அதற்கடுத்த சனியும் அதையே சொன்னாள். விற்காத முட்டைகள் குசினி மூலையில் அடுக்கடுக்காக உயர்ந்தன. மூன்று நேரமும் முட்டைக்கறி. தீன் குறைத்துப் போட்டார்கள். மாசி பிறந்ததும் அஜந்தா, இரண்டு ஆட்டை விற்போமா என்று கேட்டாள். இன்னொரு நாள் யூலியன் ஜன்னலைப் பார்த்தபடி, "திரும்பி லா சப்பல் பக்கமே போவமோ?" என்றான். அஜந்தா வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாலு வருடமாக ராணி மனதுக்குள் கேட்டது இதுதான். கேட்டது கையில் வந்து நின்றது. அது இனித்ததா என்றால், முற்றாக இனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் தங்கையின் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டே, காணி விற்றால் யார் வாங்குவார்கள் என்று அவள் மனம் ஒரு கணம் யோசித்தது. அன்று கோப்பியைக் குடிக்காமலேயே ஊற்றிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஞானசுந்தரம் தானே யூலியனுக்குப் போன் எடுத்து, கோழிகளுக்கு நோய் என்று சனம் கதைப்பதால்தான் முட்டை விற்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். தங்கள் மனம் நோகக்கூடாதென்றுதான் ராணி அதை மறைத்திருப்பாள் என்று இருவரும் நினைத்தார்கள். யூலியன் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட்டான். பின்னேரம் அவர் வந்தார். பனிக்குள் புதைத்துவைத்திருந்த கோழிகளை எடுத்துப் பார்த்தார், உயிரோடு இருந்தவற்றையும் பார்த்தார். வடக்குச் சுவரில் கழன்றிருந்த பலகையைத் தட்டிக்காட்டி, வருத்தம் ஒன்றுமில்லை, காற்று நேரே அடித்த இடத்தில் படுத்தவைதான் செத்தன என்றார். அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடிதத்தை மேசையில் வைத்த யூலியனுக்கு முகமெல்லாம் சிவந்தது. "உது கரிகாலன்ரை வேலை. மொத்தக் கடையிலை வாங்கின முட்டையை வித்துக்கொண்டிருந்தவன், நாங்கள் வந்தாப் பிறகு விக்கேலாமல் போச்சு. அவன்தான் கதை கட்டியிருக்கிறான்."

"சும்மா பழி சொல்லாதையுங்கோ" என்றாள் அஜந்தா.

"வேறை ஆர்? இப்பவே போன் அடிச்சுக் கேக்கிறன். ரெண்டிலை ஒண்டு பாக்கிறன்." போனை எடுத்து எண்ணைத் தேடினான்.

ராணி அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். கரிகாலனை அவளுக்குத் தெரியும். மூன்று பிள்ளைக்காரன். ஒருவர் சோலிக்கும் போகாதவன். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"போனை வையும் தம்பி. அது நான்."

இருவரும் விளங்காமல் பார்த்தார்கள்.

"தில்லைநாயகியிட்டை நான்தான் சொன்னனான். என்ன வருத்தமோ தெரியாது, நீங்கள் மறைக்கிறியள் எண்டு."

யூலியன் போனை மேசையில் வைத்தான். மாக்கட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அக்கா?" என்றாள் அஜந்தா.

"எரிச்சல்."

"எங்களிலையோ?"

"உங்களிலை. இந்த வீட்டிலை. உங்கடை சிரிப்பிலை."

"குளிரிலை விறைச்சு, தண்ணியில்லாமல், நாரி முறிஞ்சு கிடக்கிறம். இதிலை என்னத்தைக் கண்டு எரிஞ்சனீ?"

"அதிலைதான், அஜந்தா. கஷ்டத்தையும் ரெண்டு பேராய்ச் சேர்ந்து படுறியள்."

அடுப்புக்குள் விறகு வெடித்தது. அஜந்தா மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். பிறந்ததிலிருந்து தமக்கையை 'நீ' என்று அழைத்தவள், அன்றுதான் முதல்முறையாக மாற்றிப் பேசினாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. முட்டையைக் கொண்டுபோங்கோ. சொன்ன வாயாலையே அங்கை போய்ச் சொல்லுங்கோ. பிறகு இஞ்சை வாறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

அந்த 'ங்கோ' ராணிக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு, கடையில் ஆட்கள் நிறைந்து நின்ற நேரம் பார்த்து, ராணி தட்டுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். வைத்தியரின் கடிதத்தை ஞானசுந்தரத்தின் கையில் கொடுத்தாள். "எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ" என்றாள். "அஜந்தாவின்ரை கோழியளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. குளிருக்குச் செத்தது. வருத்தம் எண்டு கதை பரப்பினது நான். எரிச்சலிலை சொன்னனான்."

வெங்காய மூட்டைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். தில்லைநாயகி, "எனக்கென்ன? நீ சொன்னதைத்தான் நான் சொன்னனான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓல்னேயிலிருந்து வாராவாரம் வருகிற செபஸ்தியாம்பிள்ளை முன்னால் வந்து ராணியை மேலும் கீழும் பார்த்தார்.

"சொந்தத் தங்கச்சிக்கே இப்பிடிச் செய்தனியெண்டால், பிள்ளை, மற்றவைக்கு என்ன செய்வாய்?" என்றார். பிறகு ஒரு தட்டு முட்டையைக் கவனமாகத் தூக்கி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எடுத்தார்கள். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. ஞானசுந்தரம் கடிதத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார்.

ராணி வீட்டுக்குப் போனாள். யோன் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தான். கதை அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"என்ன வேலை பாத்தனீர், ராணி?"

"எல்லாம் உங்களாலைதான். அண்டைக்கு அந்த வீட்டை வேண்டாம் எண்டு சொன்னது ஆர்?"

யோன் காலில் மாட்ட எடுத்த சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் இருந்துவிட்டான். "உமக்கு அந்த வீடு வேணும் எண்டிருந்ததோ?"

"வேணும் எண்டுதான் உங்களைக் கேட்டனான்."

"நீர் கேட்டது 'என்ன சொல்லுறியள்' எண்டு. நான் எனக்குப் பட்டதைச் சொன்னன். உமக்கு வேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! நாலு வருசமாய்ச் சொல்லேல்லை."

ராணி அன்று அவனோடு சண்டை பிடிப்பதற்கென்று மனதுக்குள் சேர்த்துவைத்ததெல்லாம் அதோடு நின்றுபோயிற்று. யோன் அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனான். இருவரும் தேநீர் குடித்தார்கள். அதிகம் கதைக்கவில்லை. ஆனாலும் ஒரு மேசையில் இருந்தார்கள்.

ஞாயிறு காலை அவள் திரும்ப ரயில் ஏறினாள். போகாமல் விட்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் ஏடு கட்டியிருக்கும் என்ற நினைப்பு அவளை இருக்கவிடவில்லை. கதவைத் திறந்த அஜந்தா அவள் முகத்தைப் பாராமல், "ஆடுகள் இன்னும் குடிக்கேல்லை" என்றாள். ராணி பையை வைத்துவிட்டு வாளியை எடுத்தாள். அன்றே பலகையும் ஆணியும் தேடி வடக்குச் சுவரை அடைத்தாள்.

மாசிக் கடைசியில் பெண்பிள்ளை பிறந்தது. பங்குனி நடுவிலும் பனி விடவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கொட்டி, மூன்று நாள் பாதையையே மூடிவிட்டது. அந்த மூன்று நாளும் ராணிதான் விறகு கொத்தினாள், பால் கறந்தாள், பிள்ளையின் துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தாள். அஜந்தா தேவையானதை மட்டும் பேசினாள். ஒரு நாள் பிள்ளை வீரிட்டு அழ, கை வேலையாக நின்றவள், "அக்கா, இவளை ஒருக்கால் பிடி" என்றாள். 'பிடியுங்கோ' என்றில்லாமல் 'பிடி' என்று சொன்னது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ. ராணிக்குத் தெரிந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

சித்திரையில் யூலியன் நடக்கத் தொடங்கினான். ராணி லா சப்பலுக்குத் திரும்பி வந்தாள். சனிக்கிழமைகளில் வான் மறுபடி வந்தது. பழைய வாடிக்கையாளர்களில் சிலர் வரவேயில்லை.

ஆனியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாயாகப் பியர்ஃபித்திலிருக்கும் யூலியனின் தமக்கையைக் கேட்டிருந்தார்கள். ராணி அதைப் போனில்தான் அறிந்தாள். மாதா கோவிலில் அந்தப் பெண் பிள்ளையை ஏந்திக்கொண்டு முன்னே போக, ராணி மூன்றாம் வரிசை வாங்கில் யோனுக்கும் லக்சிகாவுக்கும் நடுவில் இருந்தாள். அதே எரிச்சல், அதே இடத்தில், கொஞ்சமும் குறையாமல் எழும்பியது. பூசை முடிந்து வெளியே வந்ததும் தில்லைநாயகி முழங்கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள், "மாரி முழுக்க மாடாய் உழைச்சனீ. உன்னையெல்லோ ஞானத்தாயாய்க் கேட்டிருக்கவேணும்?" என்றாள். அடுத்த சொல்லுக்குக் கண்ணை அகல விரித்துக் காத்திருந்தாள்.

"ஓம் தில்லை, கேட்டிருக்கலாம். எனக்கு நல்ல விருப்பம்தான் இருந்தது" என்றாள் ராணி.

இந்தமுறை குரலைத் தாழ்த்தாமல், சத்தமாகத்தான் சொன்னாள். நாலடி தள்ளிப் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த அஜந்தா தலையைத் தூக்கித் தமக்கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யூலியன் படம் எடுக்கக் கூப்பிட, பிள்ளையோடு போய்விட்டாள். ராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கேக் வெட்டிக் கொடுக்க மண்டபத்துக்குள் போனாள்.